கோடைத் தனிமையும் ஒரு துடுப்பும்

எழுபதுகளில் தலைநகர் தில்லியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் நடத்திய நாடகம் ஒன்று உண்டு. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் புது தில்லி இரயில் நிலையத்தில் அது அரங்கேறும். ஜி.டி. எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் புறப்படக் காத்து நிற்கும். சன்னலோரத்தில் மனைவியும் மக்களும். கூஜாவில் தண்ணீர், பொட்டலத்தில் புளியோதரை, இருக்கைக்கு அடியில் படுக்கைச் சுருள். நடைமேடையில் நிற்கும் கணவருக்குக் கடைசி நேர உபதேசம் நடக்கும். பால் டிப்போவுக்கு அட்டையை மறவாமல் எடுத்துப் போகவேண்டும், எரிவாயுவை மூடவேண்டும், துளசிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். வண்டி நகரும், கைகள் அசையும். பிறகு அந்தக் கணவர் கரோல் பாகுக்கோ ராமகிருஷ்ணபுரத்துக்கோ பேருந்தேறித் திரும்பி, வீட்டுப் பூட்டைத் திறப்பார். பள்ளி திறக்கும்வரை அந்த வீட்டில் அவர் ஒருவரே.

பூட்டைத் திறந்த அந்தக் கணத்தில் அவர் நெஞ்சில் எழுந்தது விடுதலை உணர்ச்சியா, வெறுமையா? இரண்டும் கலந்த ஏதோ ஒன்று என்பதை அவ்வாறு தனித்திருந்தவர் அனைவரும் அறிவர். ஆயினும் அதைப் பற்றி நாம் பேசியதில்லை. நாற்பதை எட்டிய குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஏக்கம் என்று ஒன்று இருக்கலாம் என ஒப்புக்கொள்வதே நமக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைச் சிரிப்பாக மாற்றிக் காட்டிய ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறேன்.

'தி செவன் இயர் இட்ச்' என்னும் அப்படம் 1955-இல் வெளிவந்தது. ஜார்ஜ் ஆக்சல்ராட் எழுதி, 1952-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறி, ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை நடிக்கப்பெற்ற நாடகம் அதன் மூலம். மேடையில் கணவனாக நடித்த டாம் யூவெல் என்பவரே படத்திலும் நடித்தார். மாடிவீட்டுப் பெண்ணாக வந்தவர் மர்லின் மன்றோ. ஆக்சல்ராடுடன் சேர்ந்து திரைக்கதை எழுதி, படத்தை இயக்கியவர் பில்லி வைல்டர்.

வைல்டரைப் பற்றி ஒரு செய்தியை நம்மைப்போல் பிறந்த ஊரை விட்டு வாழ்பவர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. 1906-இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு சிற்றூரில் பிறந்த யூதர் அவர். பெர்லினில் செய்தியாளராகவும் திரைக்கதை ஆசிரியராகவும் இருந்தவர், 1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, பாரிசு வழியாக அமெரிக்கா சேர்ந்தார். தாயை நாஜிகளின் கொடுமைக்குப் பலிகொடுத்தவர். வளர்ந்தபின் கற்ற ஓர் அயல்மொழியில் அந்நாட்டாரையே சிரிக்கவைத்தார். ஒரு நாட்டின் குடும்பப் பழக்கங்களில் உள்ள விசித்திரம், உள்ளே பிறந்தவனைவிட வெளியிலிருந்து வந்தவனுக்கே விரைவில் புலனாகும் போலும்.

கதை மிகச் சிறியது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் கோடை தாங்க முடியாதது. ஆகவே வசதியுள்ள குடும்பத்தார் மனைவி மக்களைக் குளிர்ந்த இடங்களுக்கு அனுப்பிவிடுவர்; கணவர் வேலையின் பொருட்டு நகரிலேயே இருப்பார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தீவில் வாழ்ந்த பழங்குடியினரும் இதையே செய்தனர் என்று ஒரு கேலிக் காட்சியுடன் படம் தொடங்குகிறது. (பழங்குடியினரைக் கோமாளிகளாக்கும் அந்தப் போக்கை இன்று நாம் ரசிக்க முடியாது.) பின்னர் அதே தீவின் இரயில் நிலையத்தில் ரிச்சர்டு ஷெர்மன் தன் மனைவி ஹெலனையும் சிறுவன் ரிக்கியையும் மெய்ன் மாநிலத்துக்கு வழியனுப்புகிறான். புகை பிடிக்கலாகாது, மது அருந்தலாகாது என்று அவனுக்கும் உபதேசம் உண்டு. அன்று இரவு அவன் சைவ உணவகத்தில் உண்கிறான். சைவ உணவைத் தண்டனையாகக் காட்டும் அந்த இடத்தில் நம்மவர் வேறு காரணத்துக்காகச் சிரிப்பர்! வீட்டுக்கு வந்தால் மகனின் சக்கரச் செருப்பு காலை வாருகிறது. சிறுபடகு ஓட்டுவதற்காக மகன் எடுத்துச் செல்லவேண்டிய துடுப்பு ஒன்று வண்டியில் ஏறாமல் அவன் கையிலேயே தங்கிவிடுகிறது.

மாடிவீட்டைக் கோடைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து ஓர் இளம்பெண் வருகிறாள். அவள் வளர்க்கும் தக்காளிச் செடி தொட்டியோடு மேலிருந்து விழுந்து, இவன் தலைக்குத் தப்பி, இவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இறங்குகிறது. அறிமுகம் இவ்வாறு நிகழ்கிறது. அவள் வீட்டில் குளிர்சாதனம் இல்லை; இவன் வீட்டில் உண்டு. அவள் கீழே வருகிறாள். பேசுகிறார்கள், உருளைக்கிழங்கு வறுவலை ஷாம்பெயினில் தோய்த்துத் தின்கிறார்கள், ஒரு திரைப்படம் பார்க்கிறார்கள். ஒரு முத்தத்துக்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் ஷெர்மனின் தலைக்குள் எல்லாமே நடக்கின்றது. படம் பெரும்பாலும் அந்தத் தலைக்குள்ளேயே ஓடுகிறது.

இங்கேதான் தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நம் அகத்திணை மரபில் பிரிவுக்குரிய திணை பாலை. அதன் பொழுது வேனிலும் நண்பகலும். பொருள் தேடப் பிரியும் தலைவன், போவதா நிற்பதா எனத் தன் நெஞ்சோடு வழக்காடுவது அகநானூற்றிலும் நற்றிணையிலும் பலமுறை வரும் துறை. ஷெர்மனும் படம் முழுதும் தன் நெஞ்சோடுதான் பேசுகிறான். வேனிலும் இருக்கிறது, பிரிவும் இருக்கிறது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. பழைய பாடலில் தலைவன் காட்டைக் கடந்து போவான். தலைவி வீட்டில் இருப்பாள். இங்கே தலைவி போய்விட்டாள். தலைவனுக்கு வீடே பாலையாகிவிட்டது. நெஞ்சோடு பேசும் சங்கத் தலைவன் பெரும்பாலும் தலைவியை நினைத்து உருகுவான். ஷெர்மனோ தன்னையே நினைத்து உருகுகிறான். நடுவயதின் ஏக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடைப்பது அரிது. இளமை கழிந்தபின் எழும் காமத்தைத் தொல்காப்பியர் பெருந்திணைக் குறிப்புகளுள் ஒன்றாக வைத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார். வைல்டர் அதை மீண்டும் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்.

ஷெர்மனின் கனவுகள் எவ்வகையின? அலுவலகத்துச் செயலாளர், மருத்துவமனைத் தாதி, மனைவியின் தோழி ஆகிய மூவரும் தன்மேல் மோகங்கொண்டு தவித்ததாகவும் தான் உறுதியோடு மறுத்ததாகவும் அவன் கற்பனை செய்கிறான். தோழியோடு கடற்கரை மணலில் அலை புரளக் கிடப்பதாக வரும் கனவு, 1953-இல் வந்த 'ஃப்ரம் ஹியர் டு இட்டர்னிட்டி' படத்தின் புகழ்பெற்ற காட்சியைப் பார்த்து எடுத்தது. மாடிவீட்டுப் பெண்ணை மயக்க அவன் கற்பனையில் தேர்ந்தெடுப்பது ராக்மனினாவின் இரண்டாம் பியானோ இசைக்கோவை. 'பிரீஃப் என்கவுண்ட்டர்' என்னும் 1945-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தில் நிறைவேறாத காதலுக்குத் துணையாக ஒலித்த அதே இசை. ஆக, இவனுடைய கனவு ஒவ்வொன்றும் ஏற்கெனவே திரையில் வந்த கனவு. இவனுடைய ஏக்கம்கூட இரவல்!

இது தற்செயல் அன்று. ஷெர்மன் செய்யும் தொழில் இருபத்தைந்து காசு மலிவுப் பதிப்புகள் வெளியிடும் நிறுவனத்தில். நல்ல நாவலுக்கும் கவர்ச்சியான புதுத் தலைப்பும் மோகமூட்டும் மேலட்டையும் கொடுத்து விற்பது அவன் வேலை. குழந்தைகளும் படிக்கும் 'லிட்டில் விமன்' கூட அவன் கையில் அந்தக் கதிக்கு ஆளாகிறது. மனித மனத்தின் ஆழத்தைப் பற்றி மருத்துவர் புரூபேக்கர் எழுதிய நூலும் அவன் மேசைக்கு வருகிறது. மணமான ஏழாம் ஆண்டில் ஆடவர்க்கு மனம் அலைபாயும் என்று அந்நூலில் படித்ததும், தனக்கும் அந்நோய் வந்துவிட்டதாக அவன் நம்பிவிடுகிறான். ஊருக்கெல்லாம் பொய்யான மேலட்டை போட்டு விற்றவன், தன் வாழ்க்கைக்கும் அப்படியொரு மேலட்டையைப் போட்டுக்கொள்கிறான். நோயைப் பற்றிப் படித்த பின்னரே நோய் வருகிறது. விளம்பரமும் வாரப் பத்திரிகையும் திரையும் சேர்ந்து மனிதனுக்கு ஏங்கவும் சொல்லிக் கொடுக்கின்றன என்னும் இக்கருத்து, 1955-ஐவிட இன்றைக்கு இன்னும் பொருந்துகிறது.

இந்த இரவல் கனவுகளை உடைப்பவள் அந்தப் பெண். உண்மையில் ராக்மனினாவ் ஒலிக்கும்போது அவள் மயங்கவில்லை. யாரும் பாடவில்லையே, ஆகவே இது செவ்வியல் இசையாக இருக்கவேண்டும் என்று கண்டுகொள்கிறாள், அவ்வளவுதான். அதன்பின் இருவரும் குழந்தைகள் தட்டும் எளிய மெட்டு ஒன்றைப் பியானோவில் வாசிக்கிறார்கள். அப்போதுதான் அவளுக்கு உற்சாகம் பிறக்கிறது. அவன் அணைக்க முயல, இருவரும் பலகையோடு கீழே விழுகிறார்கள். வெட்கிக் குன்றுபவன் அவன். சற்றும் கலங்காதவள் அவள். அவளிடம் சூழ்ச்சி இல்லை. பற்பசை விளம்பரத்தில் நடித்துப் பிழைக்கிறாள். புழுக்கம் தாங்காமல் உள்ளாடைகளைக் குளிர்பெட்டியில் வைக்கிறாள். அவளைக் காமப்பொருளாக்குவது அவள் அல்லள், பார்ப்பவன் கண். அந்தக் கண்ணைத்தான் படம் கேலி செய்கிறது.

படத்தின் திறவுகோல் என நான் கருதும் இடம் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று. நிலத்தடி இரயில் பாதையின் காற்று இரும்புச் சட்டத்தின் வழியே மேலெழுந்து அவளுடைய வெள்ளைப் பாவாடையைப் பறக்கவிடும் காட்சி உலகறிந்தது. 1954 செப்டம்பரில் லெக்சிங்டன் சாலையில் நள்ளிரவுக்குப் பின் பெருங்கூட்டத்தின் நடுவே அது படமாக்கப்பட்டது. கூச்சலின் காரணமாகப் பின்னர்ப் படப்பிடிப்பு அரங்கில் மீண்டும் எடுக்கப்பட்டது. சுவரொட்டிகளில் நாம் காணும் முழு உருவம் படத்தில் இல்லை. அங்கே அது சில வினாடிக் காட்சி மட்டுமே. ஆனால் அந்தக் காற்று வீசுவதற்குச் சற்றுமுன் அவள் பேசுவது என்ன? இருவரும் 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' என்னும் பூதப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். அந்த நீர்ப்பூதத்துக்காக அவள் இரங்குகிறாள். அது பார்வைக்கு அச்சமூட்டினாலும் உண்மையில் கெட்டதன்று. தன்னை யாரேனும் விரும்பவேண்டும் என்ற தவிப்பே அதற்கு இருந்தது என்கிறாள். பக்கத்தில் நடந்துவரும் ஷெர்மனைப் பற்றித்தான் தான் பேசுகிறோம் என்பதை அவள் அறியாள், அவனும் அறியான். பார்வையாளர் மட்டும் அறிவர். பாவாடையைப் பார்த்த உலகம் இந்தச் சொல்லைக் கேட்கத் தவறியது.

மேடை நாடகத்தில் ஷெர்மனும் அந்தப் பெண்ணும் எல்லை கடக்கிறார்கள். திரைப்படத்தில் அது இல்லை. அன்றைய அமெரிக்கத் திரைத்துறையின் ஒழுக்க விதிமுறைகள் அதற்கு இடம் தரவில்லை. வைல்டர் இதைக் குறித்துப் பிற்காலத்தில் மிகவும் வருந்தினார். எதுவும் நிகழாவிட்டால் கதையே இல்லை என்பது அவர் கருத்து. ஆசிரியரின் கருத்தை மறுத்துச் சொல்லும் உரிமை திறனாய்வாளனுக்கு உண்டெனில், இங்கே அவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். எல்லை கடந்திருந்தால் இது ஒரு தவற்றின் கதையாகி, தண்டனையிலோ மன்னிப்பிலோ முடிந்திருக்கும். கடவாததால் ஏக்கம் ஏக்கமாகவே நிற்கிறது; நடுவயதில் பெரும்பாலோர்க்கு அது நிற்பதும் அவ்வாறே. தணிக்கையாளர் கத்தி, அறியாமலே, கதையை உண்மைக்கு அருகில் கொண்டுவந்துவிட்டது.

இனி, குறை. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி கண்டுபிடித்தாள். பல ஆண்டுகளுக்கு முன் திரைப்படக் கழகம் ஒன்றின் திரையிடலில் இப்படத்தை இருவரும் பார்த்தோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பேருந்தில் திரும்பும்போது அவள் கேட்டாள்: “அவருக்கு இத்தனை கனவு காட்டினார்களே, ஊருக்குப் போன அந்த அம்மாவுக்கு ஒன்றாவது காட்டினார்களா?”

காட்டவில்லை. ஹெலன் தொலைபேசியில் பேசுகிறாள். மற்றபடி பெரும்பாலும் கணவனின் கற்பனையில்தான் வருகிறாள். அவள் டாம் மெக்கன்சி என்பவனோடு வைக்கோல் வண்டியில் உல்லாசமாகப் போவதாக வரும் கனவும் அவளுடையதன்று. பொறாமையில் ஷெர்மன் கண்டது. அவளுக்கும் அவன் வயதுதான் ஏறக்குறைய இருக்கும். அவளுக்கும் அதே ஏழு ஆண்டுகள்தாம். ஆனால் ஏங்கும் உரிமை ஒருவருக்கே வழங்கப்பட்டிருக்கிறது. மாடிவீட்டுப் பெண்ணுக்கோ ஒரு பெயர்கூட இல்லை. சமையலறையில் இருப்பவள் யார் என்று மெக்கன்சி கேட்க, மர்லின் மன்றோவாக இருக்கலாம் என்று ஷெர்மன் எரிந்து விழும் நகைச்சுவையில் அரங்கம் அதிர்கிறது. பாத்திரத்துக்குப் பெயரில்லாததால் நடிகையின் பெயரே அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதே அக்டோபரில் மண வாழ்வு முறிந்து, 1962-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்த அம்மையாரை எண்ணும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் தடைபடுகிறது.

என் மனைவியின் கேள்வி எனக்கு வேறு ஒன்றையும் உணர்த்தியது. தில்லியின் வெறும் வீட்டில் நான் தனித்திருந்த கோடைகளைப் பற்றி மட்டுமே நான் எண்ணியிருந்தேன். அதே கோடைகளில் அவள் என் பெற்றோர் வீட்டில் ஒரு மாதமும் தன் பெற்றோர் வீட்டில் ஒரு மாதமும் இருந்தாள். முதல் மாதத்தில் விடியுமுன் எழுந்து இருபது பேருக்குக் காப்பி கலந்தாள். இரண்டாம் மாதத்தில் தன் பழைய அறையில், தான் விட்டுச்சென்ற புத்தகங்களுக்கு நடுவே, தங்கையின் பாயில் படுத்தாள். அங்கே அவள் நெஞ்சோடு பேசியது என்ன? நான் கேட்டதில்லை. கடிதங்களில் குழந்தைகளின் உடம்பைப் பற்றியும் என் சாப்பாட்டைப் பற்றியுமே எழுதினாள். அந்தக் கதையை எடுக்க வைல்டருக்குத் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஆக, படத்தின் குறை என நான் மேலே எழுதியது படத்துக்கு மட்டும் உரியதன்று.

எனினும் வைல்டர் முற்றிலும் குருடர் அல்லர் என்பதற்கு இறுதிக் காட்சி சான்று. தன்னை எந்த அழகி திரும்பிப் பார்ப்பாள், தன் மனைவிதான் ஏன் பொறாமைப்படப் போகிறாள் என்று ஷெர்மன் குமைகிறான். அதற்கு அந்தப் பெண் தரும் விடை படத்தின் மணிமுடி. விருந்துகளில் புலிபோல் நிமிர்ந்து நடந்து, பெண்கள் எல்லாரும் தன் காலடியில் விழுவார்கள் என்று நினைப்பவனை எவளும் விரும்புவதில்லை. மூலையில் கூச்சத்தோடும் வியர்வையோடும் நிற்கும் மென்மையான ஒருவனைத்தான் பெண் மனம் தேடும். நான் உங்கள் மனைவியாக இருந்தால் கட்டாயம் பொறாமைப்படுவேன் என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். பூதத்துக்கு இரங்கிய அதே உள்ளம் இங்கே மனிதனுக்கும் இரங்குகிறது. இத்தனை இரவல் கனவுகளில் அவன் தேடியது இந்த ஒரு சொல்லைத்தான். மோகம் தீர்த்துக்கொள்ளும் இடத்தில் அது இல்லை. யாரோ ஒருவர் தன்னைத் தானாகவே பார்த்து, நீ போதும் என்று சொல்லும் இடத்தில் இருந்தது.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவனுக்குக் கனவு தேவைப்படவில்லை. மூலையில் கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு மெய்னுக்கு ஓடுகிறான். செருப்பு அணியவும் மறந்துவிடுகிறான். அவள் சன்னலிலிருந்து காலணிகளை வீசுகிறாள். படம் தொடங்கியது முதல் அவன் கால்மாட்டிலும் கைக்கு எட்டியும் கிடந்து அவனைத் தொல்லைப்படுத்திய பொருள் அந்தத் துடுப்பு. அதைச் சுருட்டி அஞ்சலில் அனுப்பிவிடவே அவன் முயன்றான். அது காகிதத்துக்குள் அடங்கவில்லை. குடும்பம் என்னும் பொறுப்பும் அப்படித்தான். அஞ்சலில் அனுப்ப இயலாது. நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

இன்று நம்மில் பலருக்கு அந்தக் கோடைப் பயணங்கள் முடிந்துவிட்டன. மக்கள் வளர்ந்து தத்தம் ஊர்களில், நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் இருவர் மட்டும் எஞ்சியிருக்கிறோம். இப்படத்தை இன்னும் பார்க்காத அன்பர்கள் கணவனும் மனைவியுமாக அமர்ந்து ஒருமுறை பார்க்குமாறு வேண்டுகிறேன். சிரியுங்கள், சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. பார்த்து முடித்தபின், அந்தப் பழைய கோடைகளில் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்டேன். விடை இரண்டு மாலைகள் நீண்டது. அதை இங்கே எழுத அவள் இசையவில்லை.